பதிலை அவர்களே சொல்லட்டும்

அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞரோடு ஜவுளிக்கடைக்குப் போகும் குடும்பத்தைக் கவனியுங்கள். "பையனுக்கு எந்த கலர் எடுக்கட்டும்?" என்று விற்பனையாளர் அம்மாவைத்தான் கேட்பார். அம்மாவும் பதில் சொல்லிவிடுவார். பையனுக்கு 22 வயது இருக்கும். இதில் பாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் உடை, சாப்பாடு, நட்பு, வேலை என எல்லாவற்றுக்கும் பிறரே முந்திக்கொண்டு பதில் சொல்ல வளர்ந்தவருக்கு, பெற்றோரின் காலத்துக்குப் பிறகு முடிவெடுக்கும் திறன் எங்கிருந்து வரும்? நமக்குப் பிறகு இவன் கதி என்ன என்று கலங்காத பெற்றோர் இல்லை. அந்தக் கலக்கமே தேர்வுகளை இன்றைக்கே அவன் கையில் கொடுப்பதற்குக் காரணமாக வேண்டும். அறிவுசார் குறைபாடோ கற்றல் குறைபாடோ உள்ள 80 மாணவர்களைப் பள்ளிப்படிப்பு முடிந்து ஓராண்டு கழித்து விசாரித்த அமெரிக்க ஆய்வொன்று 1997-இல் வெளியானது. வெமேயரும் ஷ்வார்ட்ஸும் செய்த அந்த ஆய்வில், சுயமாக முடிவெடுக்கும் திறன் கூடுதலாக இருந்தவர்களே அதிக அளவில் வேலையில் இருந்தார்கள். கூடுதல் ஊதியமும் பெற்றார்கள்.

விவரம் தெரியாத பிள்ளையை யாராவது ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான பயம். ஆனால் எதற்கும் தலையாட்டியே பழகியவரை ஏமாற்றுவதுதான் மிகச் சுலபம். அவர் "வேண்டாம்" என்று சொல்வதும், அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கிடைப்பதும் முதலில் வீட்டில் நடக்க வேண்டும். பெட்டிக்கடையில் 50 ரூபாயைத் தவறாகச் செலவழித்தால் போகட்டும், அது தாங்கக்கூடிய நஷ்டம். பேச்சே வராதவர் என்றால் இரண்டு சட்டைகளை முன்னால் விரித்துவிட்டுக் காத்திருக்கலாம். கண் எதில் நிலைக்கிறது, கை எதைத் தள்ளுகிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். காத்திருப்பதுதான் கடினம். கூலி வேலைக்கு ஓடும் தாய்க்கு அந்த நேரம் வாய்ப்பதில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பகல்நேர மையங்களும் சிறப்புப் பள்ளிகளும் இந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

18 வயதானதும் காப்பாளர் சான்றிதழுக்கு அலையும் குடும்பங்கள், அதை வாழ்க்கை முழுவதையும் தம்மிடம் ஒப்படைத்த பத்திரமாக எடுத்துக்கொள்கின்றன. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கிறது. ஆனால் 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேசுவது வரையறுக்கப்பட்ட காப்பாளரைப் பற்றி. குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட விஷயத்துக்கு, அந்த நபரின் விருப்பப்படி, இருவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு அது. சண்டிகர் அரசுக் காப்பகத்தில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடு உள்ள பெண் தன் கருவைச் சுமக்க விரும்பினார். அவர் சம்மதமின்றிக் கருவைக் கலைக்க முடியாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவ்வளவு பெரிய முடிவிலேயே அவர் விருப்பம் நின்றது. காப்பாளர் கோரும் மனு குழுவின் முன் வரும்போது, முதல் கேள்வியை அந்த இளைஞரிடமே கேட்கட்டும். தேவையானால் பட அட்டைகளைக் காட்டி, அவர் பதில் சொல்லும்வரை பொறுத்திருந்து.