கழுதைப்புலிக்காக ஒரு வாதம்

சென்ற திங்கள் நம் சங்கத்தில் நடந்த சொற்போரில் ஒரு நண்பர் எதிரணியினரைப் பார்த்து, "பிறர் உழைப்பில் வயிறு வளர்க்கும் கழுதைப்புலிக் கூட்டமே!" என்று முழங்கினார். மண்டபம் அதிர்ந்தது. கைதட்டல் ஓய ஒரு நிமிடம் பிடித்தது. தட்டிய கைகளில் என் கைகளும் இருந்தன. நான் விலங்கியலில் மேற்பட்டத்துக்குப் படிக்கிறவன். அந்த வாக்கியம் உண்மையன்று என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் தட்டினேன். அன்றிரவு விடுதி அறைக்குத் திரும்பிய பின்னும் அது என் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தலின் விளைவே இக்கட்டுரை.

பேசிய நண்பரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவருடைய நாவன்மை நமக்கெல்லாம் பெருமை. என் வழக்கு அந்த உவமையோடுதான். பழி சுமத்தப்பட்டவன் வாய் திறந்து பேச இயலாதவனாக இருந்தால், அவனுக்காக யாராவது ஒருவர் எழுந்து நிற்பதுதானே முறை?

முதலில், குற்றவாளி யார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் நாட்டில் வாழ்வது வரிக் கழுதைப்புலி. முதுமலையிலும் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் சத்தியமங்கலக் காடுகளிலும் இருக்கிறது. கூச்சமுள்ள பிராணி; பெரும்பாலும் தனித்தே இரை தேடும்; செத்ததைத் தின்று காட்டைத் துப்புரவாக வைக்கும். நாம் மேடையில் ஏசுவது இதையன்று. கூட்டம், சிரிப்பு, சிங்கம் தின்ற மிச்சம் என்று நம் மனத்தில் பதிந்திருக்கும் சித்திரமெல்லாம் ஆப்பிரிக்காவில், சகாராவுக்குத் தெற்கே வாழும் புள்ளிக் கழுதைப்புலியைப் பற்றியவை. நம்மில் பெரும்பாலோர் அதைத் திரைப்படத்தில்தான் கண்டிருக்கிறோம்.

பெயரிலேயே அதற்கு அநீதி தொடங்கிவிடுகிறது. அது கழுதையுமன்று, புலியுமன்று. பார்வைக்கு நாய் போலத் தோன்றும், நாயுமன்று. ஊனுண்ணிகளின் பெரும்பிரிவுகள் இரண்டில் அது பூனையின் பக்கத்தைச் சேர்ந்தது. நம் வயல்வரப்பில் ஓடும் கீரி, நாயைவிட அதற்கு நெருங்கிய உறவு.

இரவில் நடந்தது என்ன?

முதற் குற்றச்சாட்டு, அது சோம்பேறி, சிங்கம் கொன்றதைத் திருடித் தின்கிறது என்பது. நெடுங்காலம் இதை யாரும் ஐயுறவில்லை. ஏன்? பயணிகளும் வேட்டைக்காரர்களும் காலையில் எழுந்து, வண்டியேறிப் போய்ப் பார்த்தார்கள். சிங்கம் தின்றுகொண்டிருந்தது; சற்றுத் தள்ளிக் கழுதைப்புலிகள் காத்திருந்தன. இதற்கு மேல் சாட்சி எதற்கு? தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

1964-ஆம் ஆண்டு ஹான்ஸ் குரூக் என்ற டச்சு விலங்கியலறிஞர் தான்சானியாவின் செரெங்கெட்டிச் சமவெளிக்கும் இங்கோரோங்கோரோ எரிமலைக் கிண்ணத்துக்கும் போனார். மற்றவர் உறங்கிய நேரத்தில் அவர் விழித்திருந்தார். நிலவொளியில் கழுதைப்புலிகளைப் பின்தொடர்ந்தார். அவர் கண்டது வேறு கதை. கழுதைப்புலிகள் தாமே வேட்டையாடின. வரிக்குதிரையையும் வில்டபீஸ்ட் என்னும் காட்டு மாட்டையும் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வரையிலான வேகத்தில், சில சமயம் பல கிலோமீட்டர் தூரம் துரத்திப் பிடித்தன. உணவின் பெரும்பகுதி அவை தாமே கொன்றது. இங்கோரோங்கோரோவில் அவற்றின் ஆரவாரத்தைக் கேட்டுச் சிங்கங்கள் வந்து சேர்ந்தன. உழைத்தவர்களை விரட்டிவிட்டு உண்ண அமர்ந்தன. பொழுது விடிந்தது. சிங்கம் தின்றுகொண்டிருந்தது; சற்றுத் தள்ளிக் கழுதைப்புலிகள் காத்திருந்தன!

காட்சி ஒன்றுதான். முந்தியவர்கள் கடைசி அங்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நாடகம் முழுவதையும் எழுதினார்கள். குரூக் முதல் அங்கத்திலிருந்து பார்த்தார். அவருடைய நூல் 1972-இல் வெளிவந்தது. விஞ்ஞானம் கற்கும் நாம் அதிலிருந்து கழுதைப்புலியைப் பற்றி மட்டுமன்று, சாட்சியம் என்றால் என்ன என்பதையும் கற்றுக்கொள்ளலாம். கண்ணால் கண்டதும் பொய்யாகலாம், காணவேண்டிய நேரத்தில் காணாவிட்டால்.

இன்னொரு பக்கமும் உண்டு. கழுதைப்புலியும் வாய்ப்புக் கிடைத்தால் பிறர் இரையைப் பறிக்கும், செத்ததையும் விடாது. சிங்கமும் தானே வேட்டையாடும். இரண்டுமே வேட்டைக்காரர்கள், இரண்டுமே பறிப்பவர்கள். ஆயினும் நாம் ஒன்றுக்கு மகுடம் சூட்டி, மற்றதற்குத் திருட்டுப் பட்டம் கட்டினோம். ஒன்றுக்குப் பிடரிமயிர் அழகாக இருக்கிறது. மற்றதற்கு முதுகு சரிந்திருக்கிறது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சிரிப்பா அது?

இரண்டாவது குற்றச்சாட்டு, அதன் சிரிப்பு. பிணத்தின்மேல் நின்று சிரிக்கும் பிராணி என்று கதை எழுதுகிறவர்கள் மெய்சிலிர்க்க எழுதுகிறார்கள். அது சிரிப்பே அன்று. வலியது தாக்கும்போதும் இரையருகே தள்ளுமுள்ளு ஏற்படும்போதும், பெரும்பாலும் எளியது எழுப்பும் பதற்றக் குரல் அது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தில் குரலெழுப்பும் விலங்கின் வயதும் தகுதிநிலையும்கூடப் பொதிந்திருப்பதைக் காட்டியது. அடிபட்டவனின் கூக்குரலைக் கேட்டு, "எக்காளமிடுகிறான் பார்!" என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நண்பர்களே, நாமிருக்கும் இடத்தில் இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. நாம் தமிழில் பேசிக்கொண்டு போனால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் இருக்கிறது என்று சிரிப்பவர்கள் இவ்வளாகத்தில் உண்டு. அப்போது நமக்குச் சுருக்கென்கிறது. ஆனால் நாம் மட்டும் யோக்கியர்களா? நம் அறைகளில் கதவைச் சாத்திக்கொண்டு மற்ற மாநிலத்தாரின் பேச்சையும் உணவையும் பற்றி நாம் சொல்லும் நகைச்சுவைகளை அவர்கள் கேட்டால் என்ன நினைப்பார்கள்? பொருள் புரியாத ஒலிக்கு நாமே ஒரு பொருள் கற்பித்து, அதைக் கொண்டே ஒலித்தவனை எடைபோடும் பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது.

தாய்வழி ஆட்சி

மூன்றாவது குற்றச்சாட்டு மிகப் பழையது. கழுதைப்புலி ஆணுமாகிப் பெண்ணுமாகி மாறிமாறி வாழ்கிறது என்ற நம்பிக்கை கிரேக்கர் காலத்திலேயே இருந்தது. அரிஸ்டாட்டில் அதை மறுத்தார். அவர் அறிந்தது வரிக் கழுதைப்புலி. ஆனால் புள்ளிக் கழுதைப்புலியைக் கண்டவர்கள் ஐயுற்றதற்குக் காரணம் உண்டு. அதன் பெண்ணின் பிறப்புறுப்பு ஆணுறுப்பைப் போலவே நீண்டிருக்கிறது. அதன் வழியாகவே சிறுநீர் கழிக்கிறது. அதன் வழியாகவே குட்டியும் ஈனுகிறது. இதைத் தமிழில் எழுதக் கூச வேண்டியதில்லை. இயற்கைக்குக் கூச்சம் கிடையாது.

இதற்கு அந்தத் தாய் கொடுக்கும் விலை பெரிது. முதல் ஈற்றில் அக்குறுகிய வழி கிழிகிறது. அமெரிக்காவின் பெர்க்லியில் 1980-களின் நடுவிலிருந்து 2014 வரை வளர்க்கப்பட்ட கழுதைப்புலிகளில், முதல் ஈற்றுக் குட்டிகள் பல மூச்சுத் திணறி இறந்தே பிறந்தன. ஆண்தன்மை தரும் ஹார்மோன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முதலில் எண்ணினார்கள். கருவுற்ற விலங்குகளுக்கு அந்த ஹார்மோனைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, உறுப்பின் வடிவம் சற்று மாறியதே தவிர மறையவில்லை. விடை இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை.

அவற்றின் சமூகம் இன்னும் வியப்பானது. ஒரு குலத்தில் எண்பதுக்கு மேற்பட்டவை இருப்பதுண்டு. பெண்களே ஆட்சி செய்கின்றன. தாயின் தகுதி மகளுக்கு வருகிறது; அதிலும் இளைய மகள் மூத்தவளுக்கு மேலே அமர்கிறாள். ஆண் வளர்ந்ததும் பெரும்பாலும் பிறந்த குலத்தை விட்டு வேறு குலத்துக்குப் போகிறது. அங்கே அதன் இடம் வரிசையின் கடைசி. முன்னே வந்தவர்கள் முன்னே நிற்க, இது பொறுமையாகக் காத்துக் கிடக்கிறது. ஊர்விட்டு வந்து விடுதி உணவுக்கூடத்தில் வரிசையில் நிற்கும் நமக்கு இது நன்றாகப் புரியும்!

பெண் ஆள்வது உடல் வலிமையாலா? இங்கோரோங்கோரோவில் பல்லாண்டு ஆராய்ந்தவர்கள் 2018-இல் வெளியிட்ட முடிவு வேறு. இரண்டு கழுதைப்புலிகள் எதிர்ப்பட்டால், யாருக்கு உறவினர் துணை அதிகமோ அதுவே வெல்கிறது. பெண் பிறந்த மண்ணிலேயே இருக்கிறது. துணை நிற்கச் சுற்றம் இருக்கிறது. வந்த ஆணுக்குச் சுற்றம் இல்லை.

இதைப் படித்துவிட்டு, "ஆகா, பெண்ணரசு!" என்று புகழ் பாடுகிறவர்களும் இன்று உண்டு. அதற்கும் நான் உடன்படவில்லை. இரட்டைக் குட்டிகள் கண் திறந்து, பல் முளைத்துப் பிறக்கின்றன; பிறந்த சில மணி நேரத்திலேயே ஒன்றையொன்று கடிக்கத் தொடங்குகின்றன. உணவு குறைந்த காலத்தில் ஒன்று மற்றதைப் பட்டினியால் சாக விடுவதுண்டு. தகுதி குறைந்த தாயின் குட்டிக்கு வாழ்வு கடினம். வசை பாடியது எப்படித் தவறோ, அப்படியே வாழ்த்துப் பாடுவதும் தவறு. அது நமக்கு நீதி சொல்லப் பிறக்கவில்லை, வாழப் பிறந்திருக்கிறது.

பழியின் விலை

"ஒரு விலங்கின் பெயர் கெட்டால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்கலாம். கழுதைப்புலியின் குடிதான் முழுகும். காலனி ஆட்சிக் காலத்தில் ஆப்பிரிக்காவின் பல வேட்டைக் காப்பகங்களில் அதைத் தீய விலங்கென்று சுட்டுத் தள்ளினார்கள். இன்றும் காப்புக் காடுகளுக்கு வெளியே பொறியும் நஞ்சும் அதைக் கொல்கின்றன. நஞ்சிட்ட பிணத்தைத் தின்னும் கழுகுகளும் கூடவே மடிகின்றன.

செரெங்கெட்டியில் நடப்பதைச் சொல்கிறேன். மான் கூட்டங்கள் இடம் பெயர்ந்து போனதும், தாய்க் கழுதைப்புலி குட்டியைப் பொந்தில் விட்டுவிட்டு நாற்பது கிலோமீட்டர் வரையும் அதற்கு மேலும் நடந்துபோய் இரை தேடுகிறது. சில நாள் கழித்துத் திரும்பி வந்து பால் கொடுக்கிறது. மறுபடி புறப்படுகிறது. ஓராண்டுக்கு மேல் இதே பாடு. வழியில் மான் பிடிக்கத் திருட்டுத்தனமாக வைத்த கம்பிக் கண்ணியில் அது சிக்கிவிட்டால், பொந்தில் குட்டி காத்திருந்தே சாகிறது. வேறொரு தாய் அதற்குப் பால் கொடுப்பது அரிது. இதையா "சோம்பேறி" என்கிறோம்?

ஆடுமாடு வைத்திருக்கும் மசாய் குடியானவனுக்கு நான் இங்கிருந்து உபதேசம் செய்யவில்லை. அவன் கன்றைத் தின்றுவிட்டால் அவனுக்குச் சினம் வரத்தான் வரும். கழுதைப்புலி மனிதரைத் தாக்குவதும் உண்டு. அவனுடைய பகை அனுபவத்தில் பிறந்தது. நம்முடைய வெறுப்போ இரவலாக வந்தது. 1994-இல் வெளிவந்த 'லயன் கிங்' படத்துக்காகச் சித்திரக்காரர்கள் பெர்க்லிக்குப் போய்க் கழுதைப்புலிகளைப் பார்த்து வரைந்தார்கள். நல்லபடியாகக் காட்டும்படி ஆராய்ச்சியாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். படத்தில் என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். நேரில் பார்த்த பிறகும் பழைய கதையே வென்றது.

இதற்கு நேர்மாறான ஊர்களும் இருக்கின்றன. எத்தியோப்பியாவின் ஹரார் நகரத்துப் பழைய மதிலில் கழுதைப்புலிகள் வந்துபோக வழி விட்டிருக்கிறார்கள். இரவில் அவற்றுக்குக் கையால் இறைச்சி ஊட்டுகிறார்கள். அதே நாட்டின் மெக்கெல்லெ நகரைப் பற்றி 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே கழுதைப்புலிகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 207 டன் விலங்குக் கழிவைத் தின்று தீர்க்கின்றன என்றும், அதனால் மக்களுக்கும் கால்நடைகளுக்கும் அடைப்பான் நோயும் மாட்டுக் காசநோயும் பரவுவது குறைகிறது என்றும் அது கணக்கிட்டது. நகராட்சியிடம் சம்பளம் வாங்காத துப்புரவுப் பணியாளர்கள்!

என் வேண்டுகோள் சிறியது. அடுத்த சொற்போரில் உவமை வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. உவமை இல்லாமல் நமக்குப் பேச்சு ஏது? ஆனால் ஓர் உயிரை வசைச்சொல்லாக எடுக்குமுன், அது இரவில் என்ன செய்கிறது என்று யாராவது பார்த்தார்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மனிதரைப் பற்றிப் பேசும்போதும் அதே கேள்வி இருக்கட்டும்.

இல்லை, பிறர் உழைப்பில் உண்பவனை ஒரு விலங்கின் பெயரால் ஏசியே தீரவேண்டும் என்றால், "ஏ சிங்கமே!" என்று ஏசிப் பாருங்கள். எதிரணியினர் எழுந்து நன்றி சொல்வார்கள். அப்போது நான் கைதட்டுகிறேன்.