நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம்



2019ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு வீட்டின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா என்று தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் அறிவித்தது. தெல்தோட்டையிலோ கலஹாவிலோ லயத்தில் குடியிருக்கும் ஒரு தாய் இதைக் கேட்டால், “அது யாருடைய வீடு?” என்றுதான் கேட்பாள். அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதற்கு என்ன பதில் என்று இம்மாதம் பார்ப்போம்.

மாதர் சங்கக் கூட்டங்களில் நான் சொல்லும் உதாரணம் இது. ஒரு வரிசையில் ஐந்து வீடுகள். மாத வருமானம் முறையே 22,000, 28,000, 35,000, 45,000, கடைசி வீட்டுக்கு 1,70,000 ரூபா. கூட்டினால் மூன்று இலட்சம். ஐந்தால் வகுத்தால் சராசரி 60,000. ஆனால் நான்கு வீடுகளில் அறுபதாயிரத்தைக் கண்டவர்களே இல்லை! வருமானத்தைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி, நடுவில் உள்ள வீட்டைப் பாருங்கள்: 35,000. பள்ளிக்கூடக் கணிதத்தில் பிள்ளைகள் இதை ‘இடையம்’ என்று படிக்கிறார்கள். பாதி வீடுகள் இதற்குக் கீழே, பாதி வீடுகள் மேலே. பணக்கார வீட்டின் வருமானம் இன்னும் பத்து மடங்கு கூடினாலும் இடையம் அசையாது.

2019இல் நாட்டின் இடைய வருமானம் 53,333 ரூபா. சராசரியைவிட இருபத்து மூவாயிரம் குறைவு. தோட்டப்புறத்தில் சராசரியே 46,865 ரூபாதான். நகர்ப்புறத்திலோ 1,16,670 ரூபா. எங்கள் கண்டி மாவட்டத்தில் நகரம், கிராமம், தோட்டம் மூன்றும் உண்டு. மூன்றையும் கலந்து ஒரே எண்ணாகச் சொன்னால் தோட்டத்து வீடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இந்த எண்களை எப்படிப் பெறுகிறார்கள்? எல்லா வீடுகளுக்கும் போவதில்லை. நாடு முழுவதிலும் ஏறத்தாழ 25,000 வீடுகளைத் தெரிவுசெய்து, பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்து விசாரிக்கிறார்கள். கொழுந்து நிறைய வரும் மாதமும் உண்டு, வரட்சியில் வேலை நாள் குறையும் மாதமும் உண்டு. ஒரே மாதத்தில் கேட்டால் கணக்கு பிழைத்துவிடும் அல்லவா? ஒரே உலையில் சமைத்து உண்பவர்கள் ஒரு வீட்டார். சம்பளம் மட்டுமல்ல, வெளிநாட்டிலிருந்து வரும் பணம், ஓய்வூதியம், தோட்டத்தில் பறித்துக் கறிவைத்த கீரை, சொந்த வீடானால் அதன் வாடகைப் பெறுமதி எல்லாம் வருமானத்தில் சேரும்.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். 2016இல் இடையம் 43,511 ரூபா. 2019இல் 53,333. ஏறத்தாழ 23 வீதம் உயர்ந்திருக்கிறது. ஆனால் அதே காலத்தில் விலைவாசியும் ஏறத்தாழ 15 வீதம் ஏறியது. ஆகவே உண்மையான உயர்வு ஏழு வீதமளவில்தான். பிறகு வந்த நெருக்கடியை நாம் மறக்க முடியுமா? 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் ஒரே ஆண்டில் 69.8 வீதம் கூடியிருந்தது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளமோ 2021 மார்ச்சில் 1,000 ரூபா, 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா. அதாவது மூன்றரை ஆண்டில் 35 வீதம். கையில் காசு கூடியது. அந்தக் காசுக்கு வாங்கிய மாவும் சீனியும் குறைந்தன.

இதில் பெண்களாகிய எங்களுக்கு என்ன வேலை? பெரும்பாலும் கதவைத் திறந்து பதில் சொல்பவர்கள் நாங்களே. “வீட்டுக்காரருடைய சம்பளம் மட்டுந்தான்” என்று சொல்லிவிடுகிறோம். தையல் கூலி, முட்டை விற்ற காசு, ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு எடுத்த கொழுந்து, எதுவும் வாயில் வருவதில்லை. அதைச் சொல்லாதபோது எங்கள் உழைப்பு நாட்டின் கணக்கிலிருந்தே அழிந்துபோகிறது. “கூடச் சொன்னால் அஸ்வெசும நின்றுவிடும்” என்ற பயமும் சிலருக்கு உண்டு. இந்த ஆய்வு வேறு, நிவாரணத்துக்கான பதிவு வேறு. ஆய்வில் சொல்லும் தனிப்பட்ட விபரங்களை இரகசியமாக வைக்க வேண்டும் என்பது சட்டம்.

பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில், ஒவ்வொரு நாளும் வந்த காசையும் போன காசையும் எழுதி வையுங்கள். உங்கள் பெயரில் வந்ததைத் தனி நிரலில் எழுதுங்கள். ஆண்டு முடிவில் கூட்டிப் பாருங்கள். அடுத்த முறை யாராவது ‘சராசரி’ என்று பேசினால், “இடையம் எவ்வளவு? தோட்டத்தில் எவ்வளவு?” என்று தயங்காமல் கேளுங்கள்.