அலையைப் படிச்சவன் மீனவன், சீசன் காசு மட்டும் ரிசார்ட்டுக்கா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிச்சுட்டுப் பகிருங்க.

கிழக்குக் கடற்கரைச் சாலையில கோவளம், அதைத் தாண்டினா மாமல்லபுரம். மே மாசம் பிறந்தா இங்க அலைச்சறுக்கு சீசன். தென்மேற்குப் பருவக்காற்று காலத்துல தெற்கே இருந்து உருண்டு வர்ற அலை செப்டம்பர் வரைக்கும் தாராளமா கிடைக்கும். 2023-ல சர்வதேசப் போட்டி, 2025 ஆகஸ்டுல ஆசியப் போட்டி, ரெண்டுமே மாமல்லபுரத்துலதான் நடந்தது. பேனர், மேடை, செல்ஃபி எல்லாம் பார்த்தோம். சந்தோஷம்.

ஆனா இந்த விளையாட்டை இந்தக் கரையில தூக்கி நிறுத்தினது யாரு? மீனவக் குப்பத்துப் பசங்க. கோவளத்துல மூர்த்தி மேகவன்னு ஒரு மீனவர் முன்ன நின்னுதான் அங்க அலைச்சறுக்குப் பள்ளியே உருவாச்சு. ஏன் மீனவன்கிட்ட இருந்து வந்துச்சு? விடியக்காலையில கரையிலிருந்து கடல் பக்கமா காத்து அடிக்கும். அது அலையோட முகத்தை நிமிர்த்திப் பிடிக்கும், அலை ஒழுங்கா உடையும். பகல்ல கடல்காத்து ஏறிட்டா எல்லாம் கலங்கிடும். நாம இதைச் செயலியைத் திறந்து அம்புக்குறி பார்த்துத் தெரிஞ்சுக்கிறோம். வலை இழுக்கிற அண்ணன் வாசல்ல நின்னே சொல்லிடுவார். நீரோட்டம் இன்னைக்குத் தெற்கே இருந்தா வடக்கே இருந்தா, சீலா எங்க கடிக்கும், வஞ்சிரத்துக்கு எவ்வளவு தூரம் போகணும், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

அந்த அறிவுக்கு இன்னைக்கு வெளிநாட்டுலயும் உள்ளூர்லயும் காசு கொடுக்க ஆள் இருக்கு. தூண்டில் போட்டு மீன் பிடிக்கக் கடலுக்குப் போகணும், அலைச்சறுக்குப் பழகணும், விடியலைக் கடல்ல பார்க்கணும்னு வர்றாங்க. ஆனா மீனவரோட ஃபைபர் படகு மீன்பிடிக்கத்தான் பதிவாகியிருக்கு. அதுல விருந்தாளியை ஏத்தினா குற்றம். அதனால என்ன ஆகுது? முதலீடு இருக்கிறவன் தனிப் படகு வாங்கி, அனுமதி வாங்கி, சவாரி நடத்துறான். கடலைத் தெரிஞ்சவர் அந்தப் படகுலயே தினக்கூலிக்கு சுக்கான் பிடிக்கிறார்!

உடனே சில பேர் பாதுகாப்பைப் பற்றிப் பேச வருவாங்க. பேசுங்க, பேச வேண்டிய விஷயம்தான். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னைக்குப் பழவேற்காட்டுல படகு கவிழ்ந்து 22 பேர் செத்தாங்க. அளவுக்கு மீறி ஆள் ஏத்தின மீன்பிடிப் படகு, உயிர்காப்பு உடை கிடையாது. அந்தச் சாவுல இருந்து அரசு கத்துக்கிட்ட பாடம் என்ன? தடை. அவ்வளவுதான். ஒரு படகுல எத்தனை பேர், யார் ஓட்டலாம், எந்தக் காத்துக்குக் கரை திரும்பணும், காப்பீடு யார் கட்டணும்னு விதி எழுதி மீனவர் கையில உரிமத்தைக் கொடுக்க இத்தனை வருஷம் பத்தலையா? தடை போட்டா சவாரி நிக்காது, திருட்டுத்தனமா நடக்கும். திருட்டுச் சவாரியில உயிர்காப்பு உடையை யார் சோதிப்பா?

இன்னொரு கணக்கும் பாருங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் கடலோரத்துல 200 மீட்டருக்குள்ள வீடிழந்தவங்ககிட்ட அரசு சொன்னது: அந்தப் பக்கம் தள்ளிப் போனா புது வீடு, போகலைன்னா உதவி இல்லை. காரணம், பாதுகாப்பு. 2019-ல ஒன்றிய அரசு கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையை மாத்துது. மக்கள் நெருக்கமா வாழுற ஊர்ப்புறக் கடற்கரையில கட்டுமானத் தடை 200 மீட்டர்ல இருந்து 50 மீட்டரா சுருங்குது. சுற்றுலாவுக்கான தற்காலிகக் குடில், உடை மாத்தும் அறையெல்லாம் உயர் அலைக் கோட்டுல இருந்து 10 மீட்டர் விட்டாப் போதும். அதாவது மீனவன் குடிசைக்கு ஆபத்தான கடல், சுற்றுலாக் குடிலுக்கு அழகான கடல் ஆகிடுச்சு. படகு ஏத்துற இடத்துல, வலை காயப்போடுற மணல்ல நாளைக்கு நாற்காலி போடுவாங்க.

இதெல்லாம் நடக்கிறது எந்த நேரத்துல தெரியுமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். நிவாரணம் 8,000 ரூபாய். வகுத்துப் பாருங்க, ஒரு நாளைக்கு 131 ரூபாய். மீன் இனப்பெருக்கத்துக்குத் தடை வேணும், அதுல நமக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா வேலையில்லாத கடலோடி கரையில உட்கார்ந்திருக்க, அதே மே மாசம் அவர் கண் முன்னாடியே சீசன் தொடங்குது.

நாம கேட்கிறது சலுகை இல்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அலைச்சறுக்கு, தூண்டில் சவாரி உரிமம் கொடு. அந்தந்த ஊர்க் கரையில முதல் உரிமை அந்தந்த ஊர்ச் சங்கத்துக்கு. உயிர்காப்புப் பயிற்சியும் காப்பீடும் அரசு செலவுல. படகுத்துறையையும் வலை உலர்த்தும் இடத்தையும் அளந்து, வரைபடத்துல ஏத்தி, அதுக்கு அப்புறம் குடிலுக்கு அனுமதி கொடு.

அடுத்த தடைக்காலம் ஏப்ரல் 15 தொடங்குது. அதுக்கு முன்னாடி அரசாணை வரணும்.

— தகவல் தொழில்நுட்ப அணி