கணினித் தொழிலாளிக்கு ஏடு எங்கே?

தேன்கனிக்கோட்டையில் பொழுது விடியுமுன் பேருந்து ஏறி, ஓசூர் கடந்து, அத்திப்பள்ளி எல்லை தாண்டி, பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்குக் கணினி வேலைக்குப் போகிறார்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். தந்தை ராகி விதைத்தவர். மகன் மென்பொருள் எழுதுகிறான். மகிழ்கிறோம், மார்தட்டுகிறோம். ஆனால், அந்தப் பிள்ளைக்கு அவன் தொழிலைப் பற்றிய செய்தியைச் சொல்வது யார் என்று கேட்கிறோம்.

ஏடுகள் இல்லாமலில்லை. கணினித் துறையினருக்கென்றே நாழிகைக்கு நாழிகை செய்தி தரும் இணைய ஏடுகள் ஏராளம். எந்த நிறுவனம் எதை வாங்கிற்று, எவன் பங்கு எவ்வளவு ஏறிற்று, எந்தக் கருவி புதிது, எல்லாம் உண்டு. ஆங்கிலத்தில் உண்டு! எட்டு மணி வேலை பன்னிரண்டாக நீண்டால் எங்கே முறையிடுவது? அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

2025 ஜூலையில், ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப் போவதாக டி.சி.எஸ். நிறுவனம் அறிவித்தது. அதன் தலைமை அதிகாரி அதைச் சொன்னது, ஆங்கில வணிக இணைய ஏடு ஒன்றுக்கு அளித்த பேட்டியில். பங்கு வைத்திருப்பவன் படித்த அதே வரியைத்தான் வேலை போகுமோ என்று அஞ்சுகிறவனும் படித்தான். ஒருவனுக்கு அது கணக்கு. மற்றவனுக்கு அது கஞ்சி!

கணினி நிறுவன ஊழியரும் தொழிற்சங்கம் அமைக்கலாம், தொழிற்சட்டங்களிலிருந்து அந்நிறுவனங்களுக்கு விலக்கு இல்லை என்று 2016-இலேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. எத்தனை பேர் காதில் விழுந்தது? “நீங்கள் தொழிலாளரா? அல்ல, வல்லுநர்கள்!” என்று பட்டம் சூட்டிப் பசப்புகிறார்கள். பட்டம் பெற்ற வல்லுநரும் வெளியேறச் சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறத்தானே வேண்டியிருக்கிறது?

தமிழில் இதெல்லாம் ஆகுமா என்று உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. 1935-இல் ‘குடிஅரசு’ ஏட்டில் பெரியார் எழுத்தைச் சீர்திருத்தியபோதும் இப்படித்தான் பிதுக்கினர். 1978-இல் அரசே அதை ஏற்றது. 1999-இல் கலைஞர் ஆட்சியில் சென்னையில் ‘தமிழிணையம் 99’ மாநாடு கூடிற்று. உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் கொண்டே தமிழ் முழுவதையும் தட்டச்சிடும் விசைப்பலகை வந்தது. கருவி கைக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இனியும் எதற்குத் தயக்கம்?

ஆங்கிலத்தை விரட்டச் சொல்லவில்லை. நிரல் எழுத அது போதும். உரிமை அறியத் தாய்மொழி வேண்டும். தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் வீடுகள் கலந்த ஊர் இது. அவரவர் மொழியிலும் வரட்டும், வரவேற்போம்.

தமிழ் இணையக் கல்விக்கழகம் இத்தகைய ஏடொன்றை நடத்த முன்வர வேண்டும். துறையில் இருக்கும் தோழர்கள் எழுத வேண்டும். படிப்பகத்தில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டு வளர்ந்த இயக்கம் நம்முடையது; இன்று பத்துப் பேர் கையிலும் செல்பேசி இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. 2016-இல் சொன்ன உரிமை, இப்புதிய சட்டங்களில் எந்த அளவில் நிற்கிறது? முதல் இதழில் முதல் கட்டுரை அதுவாக இருக்கட்டும்.