மோரே ஒரு ‘குட்டித் தமிழ்நாடு’ அல்ல

சென்ற வாரம் பெங்களூரில் நடந்த ஒரு கருத்தரங்கில், புலம்பெயர்வு குறித்த அமர்வில், மணிப்பூரின் எல்லையூரான மோரே ஐந்து நிமிடம் தலைகாட்டியது. திரையில் அங்காள பரமேசுவரி கோயில். அடுத்து ஒரு தோசைக்கல். ‘பர்மா எல்லையில் ஒரு குட்டித் தமிழ்நாடு’ என்றார் உரையாளர். அவை கைதட்டியது. அந்தக் கைதட்டலோடுதான் எனக்கு வழக்கு.

தமிழர் அங்கே விரும்பிக் குடியேறவில்லை. 1962இல் நெ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. 50, 100 சாட் தாள்கள் செல்லாதவையாயின. ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். கப்பலில் சென்னைக்கு வந்த தமிழருள் சிலர், முன்பின் அறியாத ‘தாயகத்தில்’ பிழைக்க வழியின்றி, பிறந்த மண்ணுக்கே நிலவழியாகத் திரும்ப முயன்றனர். இம்பால் கடந்து, லோக்சாவ் ஆற்றைத் தாண்டி வந்தவர்களைப் பர்மியப் படை எல்லையில் தடுத்தது. தடுக்கப்பட்ட இடமே ஊராயிற்று. ஆகவே அக்கோயில் தமிழ்நாட்டின் நீட்சி அன்று. தமிழ்நாடு அவர்களைத் தாங்கத் தவறியதன் சான்று.

நம் வகுப்பறைகளில் 1964 என்றால் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் மட்டுமே. இலங்கையிலிருந்து வந்தோருக்கு ஒப்பந்தம் என்றொரு தாளாவது உண்டு (அதன் கொடுமை வேறு கதை). பர்மாவிலிருந்து வந்தோருக்கு அதுவும் இல்லை.

‘ஆனால் அங்கே செழித்தார்களே?’ என்றார் ஒரு பேராசிரியர். 1995இல் எல்லை வணிகம் முறைப்படி தொடங்கியபின் தமிழ் வணிகர் சிலர் செழித்தது உண்மைதான். தொண்ணூறுகளின் மோதல்களில் பல குடும்பங்கள் ஊரைவிட்டு அகன்றதும் உண்மை. 2022 ஜூலையில், எல்லைக்கு அப்பால் தமு சென்ற மோரேத் தமிழ் இளைஞர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2023இல், தமக்குத் தொடர்பில்லாத மெய்தெய்–குக்கி மோதலில் தமிழர் வீடுகளும் எரிந்தன. 2024 பிப்ரவரியில், எல்லையின் இருபுறமும் 16 கி.மீ. வரை செல்ல இடந்தந்த ஏற்பாட்டை நீக்குவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. இவற்றுள் ஒன்றுகூட அந்த அமர்வில் ஒலிக்கவில்லை.

இத்தனைக்கும் பேசியவர்கள் பெங்களூர்க்காரர்கள். கோயிலும் உணவகமும் நிறைந்த இந்நகரிலிருந்து 1991 காவிரிக் கலவரத்தில் ஆயிரக்கணக்கான தமிழர் வெளியேறியதை நாம் அறிவோம்.

பெரியவர்களாக அவ்வழி நடந்தவர்களுள் எஞ்சியோர்க்கு இன்று எண்பது வயதைக் கடந்திருக்கும். ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு மாணவரையேனும் நம் துறைகள் இவ்வாண்டே அனுப்பட்டும். என் பயண நிதி விண்ணப்பம், ‘தமிழாய்வுக்கு மணிப்பூர் ஏன்?’ என்ற குறிப்போடு இருமுறை திரும்பி வந்துள்ளது. மூன்றாம் முறை அனுப்பியிருக்கிறேன்.