பலகைக் கதவுக்கு யார் கூலி கொடுப்பது?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ராஜபாளையத்தில் சின்ன வயதிலிருந்து பார்த்த ஒரு மளிகைக் கடையில் பலகைக் கதவைக் காணோம். மொத்தம் பதினோரு பலகைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். நாலாம் பலகையை ஐந்தாம் இடத்தில் செருகினால் உட்காராது. இப்போது அங்கே ஷட்டர். மாடி வீட்டின் மர ஜன்னல்களை ஒரு சோப்பு கம்பெனி சும்மா கொடுத்த போர்டு மூடியிருக்கிறது.

படம் பிடித்து நண்பர்கள் குழுவில் போட்டேன். "நம்மாளுங்களுக்கு ரசனையே கிடையாதுடா" என்று ஆளாளுக்கு ஒப்பாரி. முக்கால்வாசிப் பேர் என்னைப்போல வெளியூர் அபார்ட்மென்ட்டில் இருக்கும் ஐ.டி. ஆட்கள். நானும் ஒப்பாரியில் சேர்ந்துகொண்டேன்.

மறுநாள் கடைக்கார அண்ணாச்சி கேட்டார்: "மரம் இத்துப்போச்சு தம்பி. தச்சருக்கு நாள் கூலி நீங்க குடுப்பீங்களா?"

என்னிடம் பதில் இல்லை.

இது ரசனைப் பிரச்சினை இல்லை, கணக்குப் பிரச்சினை. ஷட்டர் ஒருநாள் வேலை. போர்டு இலவசம். தேக்குப் பலகையைச் செப்பனிட மரமும் வேண்டும், அந்த வேலை தெரிந்த ஆளும் வேண்டும். பழசைக் காப்பவருக்கு நஷ்டம், மறைப்பவருக்கு லாபம் என்று வைத்துவிட்டு, அவரையே ரசனை கெட்டவர் என்பது அயோக்கியத்தனம்.

நமக்குப் பாரம்பரியம் என்றால் கோயில், அரண்மனை, பெரிய மனிதர் வீடு. அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பெருமை பேசுவார்கள். அந்தக் கோபுரத்தின் நிழலில் இருக்கும் ஓட்டுக் கடைகள் யார் கணக்கிலும் இல்லை. சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா ராஜபாளையத்தில் தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். மளிகைக் கடைக்காரரால் அப்படிக் கொடுக்க முடியுமா? அவர் அங்கேதான் பிழைக்க வேண்டும்.

தமிழ்நாடு மரபுச் சின்ன ஆணையச் சட்டம் 2012-இல் வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் அது காகிதத்தில்தான் தூங்கியது. அயர்லாந்திலும் கீழே கடை, மேலே வீடு என்று பழைய தெருக்கள் உண்டு. அங்கே 2015-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். குறிப்பிட்ட நகரப் பகுதிகளில் 1915-க்கு முன் கட்டிய வீட்டைச் செப்பனிட்டு அதிலேயே குடியிருந்தால், அந்தச் செலவுக்கு வருமான வரியில் சலுகை. கடைகளைப் புதுப்பிப்பவருக்கும் உண்டு. அங்கேயும் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் செலவை உரிமையாளர் தலையில் மட்டும் கட்டக் கூடாது என்பதாவது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

நமக்கும் இது புதுசில்லை. 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பால்கோவா கிண்டுகிறவரிடம் யாரும் ரசனை பற்றி வகுப்பெடுக்கவில்லை. பெயரை வைத்துப் பிழைக்க அவருக்கு ஓர் உரிமையைக் கொடுத்தோம்.

ஆகவே இரண்டு நகராட்சிகளும் தெருத்தெருவாக ஒரு பட்டியல் எடுக்கட்டும். பலகைக் கதவையும் திண்ணையையும் மாடி முகப்பையும் காப்பவருக்குச் சொத்து வரியில் பாதியைக் கழிக்கத் தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்பட்டும். முகப்பை மறைக்கும் போர்டுக்குக் கட்டணத்தைக் கூட்டி, அந்தப் பணத்தில் தச்சருக்குக் கூலி கொடுக்கட்டும்.

"பழைய கடைக்கெல்லாம் மக்கள் வரிப்பணமா?" என்பார்கள். அந்தத் தெருவின் அழகை நாமெல்லாம் இத்தனை வருஷம் ஓசியில்தானே அனுபவித்தோம்? அதற்கான செலவை அண்ணாச்சி மட்டும்தான் செய்தார்.

பலகைகளை அவர் இன்னும் விற்கவில்லை. கடைக்குப் பின்கட்டில் அடுக்கி வைத்திருக்கிறார். எண்கள் அழியவில்லை.