மாத்திரையை மறைக்க வைக்காதீர்கள்!



நான் பத்தாவது வரை படித்த இல்லத்தரசி. என் நெருங்கிய உறவில், எச்.ஐ.வி. கிருமியோடு பிறந்து, தாயையும் இழந்த ஒரு குழந்தையைப் பாட்டிதான் வளர்க்கிறார். துணைக்கு நானும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போவதுண்டு. அங்கே ஆலோசகர் விளக்கிச் சொன்னதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது ஒரு சோதனை. நோயை எதிர்க்கும் சி.டி.4 அணுக்கள் எவ்வளவு என்று பார்ப்பது இன்னொன்று. கிருமி பெருகினால் அணுக்கள் அழியும். தினமும் தவறாமல் மாத்திரை கொடுத்துக் கிருமியை அடக்கி வைத்தால், அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். நிறுத்தினால் சில வாரங்களிலேயே கிருமி மறுபடி கிளம்பிவிடும். விட்டு விட்டுக் கொடுத்தாலோ, கிருமி அந்த மருந்துக்கே பழகிப்போய், பிறகு மருந்து கேட்காமல் போகலாம்.

சிறு பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தியே அப்போதுதான் வளர்கிறது. அதனால் ஆபத்தும் அதிகம். இந்தக் கிருமியோடு பிறக்கும் குழந்தைகளில், சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய பாதிப்பேர் 2 வயதைத் தாண்டுவதில்லையாம்.

2004 முதல் அரசு இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. 2006ல் குழந்தைகளுக்கென்றே தனித் திட்டமும் வந்தது. அப்படியும் வேளை தவறுவது ஏன்? பாதி காரணம் நாம்தான்!

கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவே பாட்டி மாத்திரையை எடுத்தால் போதும். "என்ன மாத்திரை? எதுக்கு? எந்த டாக்டர்?" என்று துருவுகிறோம். அதற்குப் பயந்து, 'வீட்டுக்குப் போய்க் கொடுத்துக்கலாம்' என்று அவர் தள்ளிப் போடுகிறார். அலைச்சலில் மறந்தும் போகிறது. "பிள்ளைதான் கொழுகொழுன்னு இருக்கே, இன்னும் எதுக்கு மருந்து?" என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. மாத்திரையால்தானே அம்மா பிள்ளை அப்படி இருக்கிறது!

கூட உட்கார்ந்து சாப்பிட்டாலோ, விளையாடினாலோ இது ஒட்டாது. இந்தப் பிள்ளைகளைப் பள்ளியில் ஒதுக்கக் கூடாது என்று 2017ல் சட்டமே போட்டாயிற்று. சட்டம் கல்யாணப் பந்தி வரை வராது. அங்கே நாம்தான் இருக்கிறோம்.

எந்தக் குழந்தை மாத்திரை சாப்பிட்டாலும், என்ன ஏது என்று கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்போமே. செய்வீர்களா சகோதரிகளே?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி